இரும்பு டீ

ஓசூர்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள ஜாஸ்லினுக்கு,

மாதேஸ்வரி எழுதுகிறேன். நீ நலமா என்று கேட்டுத்தான் தொடங்க வேண்டும். ஆனால் நீ இருக்கிற நிலையை உன் அண்ணன் வெஸ்லின் நேற்றே போனில் சொல்லிவிட்டார். அதனால் அந்த வரியை விட்டுவிடுகிறேன். நான் நன்றாக இருக்கிறேன். நன்றாக என்றால், மூன்று வேளையும் சாப்பிட்டுக்கொண்டு வயிற்றெரிச்சலோடு இருக்கிறேன்.

உன் பழைய நம்பருக்கு எத்தனையோ தடவை அடித்துப் பார்த்தேன். இங்கே டவர் எந்த நேரம் தமிழ்நாட்டில் இருக்கும், எந்த நேரம் கர்நாடகாவுக்குத் தாவும் என்று உனக்குத் தெரியாதா. நீ தெற்கே சாத்தான்குளத்துப் பக்கம் இருக்கிறாய், யாரோ ஒரு பெண் கன்னடத்தில் உன்னைப் பிடிக்க முடியாது என்கிறாள். கடைசியில் ஹாஸ்டல் வார்டனைக் கெஞ்சிக் கூத்தாடி உன் அண்ணன் நம்பரை வாங்கினேன். போனிலிருந்து வருகிற கதிர் வயிற்றுப் பிள்ளைக்கு ஆகாது என்று உன் மாமியார் உன் போனை வாங்கிப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டாராமே. வீட்டுக்காரரும் கப்பலில் இருக்கிறார். சரி, அந்தச் சண்டைக்கு நான் இப்போது வரவில்லை.

அண்ணன் சொன்னதை அவர் வார்த்தையிலேயே எழுதுகிறேன். "ஏழாம் மாசம் ஆயிட்டு, ரத்தம் எட்டுலயே நிக்கி. மாமியார் பக்கத்துலயே நின்னு கருப்பட்டிக் காப்பியும் மாத்திரையும் குடுக்காவ. அப்பிடியும் ஏறல. இவ கொல்லப்பக்கம் போயி துப்பிட்டு வாரான்னு சொல்லுதாவ" என்றார். உன்னைப் பற்றி இதே வார்த்தையை இந்த ஊரில் ஒரு கண்ணாடி அறைக்கு வெளியே நின்று கேட்டவள் நான்.

நீ துப்பவில்லை. அன்றைக்கும் துப்பவில்லை, இன்றைக்கும் துப்பவில்லை. உனக்கு ஏன் ஏறவில்லை என்று எனக்கு இப்போது தெரியும். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். பாதி உனக்குத் தெரிந்த கதைதான், ஆனாலும் முதலிலிருந்து சொன்னால்தான் விளங்கும்.

கம்பெனியில் அந்த இரும்பு மாத்திரைத் திட்டம் வந்த நாள் உனக்கு ஞாபகம் இருக்கும். நீ லைனில் மயங்கி விழுந்து, சால்டரிங் சூட்டில் முழங்கையைச் சுட்டுக்கொண்டதற்கு அடுத்த வாரம். விரலில் ஊசி குத்தாமலே விளக்கை அடித்து ரத்தம் எவ்வளவு என்று சொல்லும் கிளிப் வந்தது. கேமரா வைத்த பெட்டி ஒன்று வந்தது. முகத்தைக் காட்டு, மாத்திரையைப் போடு, வாயைத் திற என்று அது தமிழிலும் இந்தியிலும் கன்னடத்திலும் சொல்லும். விழுங்கினால் பச்சை டிக். நமக்கு ஒரே பெருமை. வீட்டில்கூட யாரும் நம் வாய்க்குள் இவ்வளவு அக்கறையாக எட்டிப் பார்த்ததில்லை என்று நீதானே சிரித்தாய்.

அந்தப் பெட்டியை எங்கே வைத்தார்கள்? டீ கேனுக்குப் பக்கத்தில். லைன் நிற்பது அந்த நேரத்தில்தான். தண்ணீர் பாட்டில் உள்ளே கொண்டுபோகக் கூடாது, தண்ணீர் ஃபில்டர் செருப்பு லாக்கரைத் தாண்டி அந்தக் கோடியில். அங்கே போய்வந்தால் பிரேக் முடிந்துவிடும். சூப்பர்வைசர் திம்மப்பன் வேறு பின்னாலேயே நின்று "பேகா பேகா, டைம் ஆயித்து" என்று கன்னடத்தில் அவசரப்படுத்தி விரட்டுவார். அதனால் ஒரு கையில் மாத்திரை, ஒரு கையில் டீ. மாத்திரையைப் போடு, டீயை ஊற்று, வாயைத் திற. அந்த பிரேக்குக்கே நாம் 'இரும்பு டீ' என்று பேர் வைத்தோம். வேலை முடிந்து ஹாஸ்டலுக்கு வந்தாலும், தலைவலி என்று யாராவது படுத்தால், இன்னும் ஒரு இரும்பு டீ வேண்டுமா என்று கிண்டல் செய்வோம்.

மூன்று மாதம் கழித்து கிளிப்பில் பார்த்தால் பாதிப் பேருக்கு ஏறவே இல்லை. சிலருக்குக் கொஞ்சம் ஏறியது. உனக்கு இறங்கியிருந்தது. டிக் எல்லாம் பச்சை, ரத்தம் மட்டும் சிவப்பு. இரண்டையும் சேர்த்துப் பார்த்த கம்ப்யூட்டர் ஒரு முடிவுக்கு வந்தது: மாத்திரையை நாக்குக்கு அடியில் ஒளித்துவைத்துப் பிறகு துப்புகிறார்கள். அந்தப் பேர்களுக்கு எதிரே 'சந்தேகம்' என்று போட்டது. அதை எச்.ஆர். ஹரீஷ்குமார் வேதவாக்காக எடுத்துக்கொண்டார். ஒவ்வொருத்தியாகக் கண்ணாடி அறைக்குள் கூப்பிட்டார்.

காவியா போனாள். தலையைக் குனிந்துகொண்டு, "சில நாள் மறந்துட்டன் சார், சில நாள் துப்பிட்டன் சார்" என்றாள். அது பச்சைப் பொய் என்று எனக்குத் தெரியும், அவள் எனக்கு முன்னால் நின்று விழுங்குகிறவள். அவளுக்கு எச்சரிக்கையோடு இன்னொரு வாய்ப்புக் கொடுத்தார்கள். அவளுக்குப் பின்னால் போன எல்லோரும் அதையே சொன்னார்கள், எல்லோருக்கும் வாய்ப்புக் கிடைத்தது. கடைசியாக நீ போனாய். ஒத்துக்கொண்டால் விட்டுவிடுகிறேன் என்று அவர் நயமாகத்தான் சொன்னார். நீ, "முழுங்குனத முழுங்கலன்னு எப்பிடி சார் சொல்லுவேன்? கர்த்தருக்கு என்ன பதில் சொல்லுவேன்?" என்றாய். கதவு முழுசாக மூடாததால் எல்லோருக்கும் கேட்டது. "சிஸ்டம் பொய் சொல்லாதும்மா" என்று அவர் சொன்னதும் கேட்டது. நீ வெளியே வரும்போது ராஜினாமாவில் கையெழுத்துப் போட்டிருந்தாய். பொய் சொன்ன நாங்கள் எல்லோரும் இன்றைக்கும் இங்கே வேலை பார்க்கிறோம். உண்மை சொன்னவள் ஒருத்திதான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினாள். அன்றைக்கு பஸ் ஸ்டாண்டில் நான் அழாமல் இருந்தது கோபத்தால்தான், கல் மனசால் இல்லை.

இனிமேல் சொல்வது உனக்குத் தெரியாதது.

போன ஆண்டு மகளிர் தினத்துக்கு கேன்டீனில் விடுகதைப் போட்டி வைத்தார்கள். ஆரோக்கிய விடுகதையாம், மேலிடத்திலிருந்து அச்சடித்து வந்தது. நர்ஸ் எவாஞ்சலின் சிஸ்டர் மைக்கைப் பிடித்து வாசித்தார்: "மலையில் பச்சை, டம்ளரில் சிவப்பு. ரத்தத்துக்குப் போகிற இரும்பை நடுவழியிலேயே கட்டிப்போடும். யார் அது?" உடனே எங்கள் வரிசை மொத்தமும் "திம்மப்பன்!" என்று கத்தியது. திம்மப்பனேகூடச் சிரித்துவிட்டார். ஒடிசாக்காரப் பெண் ஒருத்தி எழுந்து, "சாய்" என்றாள். சரியான விடை. டீயில் இருக்கிற துவர்ப்பு இரும்பைப் பிடித்துக்கொள்ளும், உடம்பில் சேர விடாது என்று சிஸ்டர் விளக்கமும் வாசித்தார். பரிசாக அந்தப் பெண்ணுக்கு என்ன கொடுத்தார்கள் தெரியுமா? டீ ஃபிளாஸ்க். எல்லோரும் கை தட்டினோம். மணி அடித்தது. வரிசையில் நின்று, கேமராவைப் பார்த்து, மாத்திரையைப் போட்டு டீயைக் குடித்தோம். நானும் குடித்தேன். பாதி டம்ளர் காலியான பிறகுதான் எனக்கு உன் முகம் வந்தது.

டம்ளரை வைத்துவிட்டு சிஸ்டரிடம் போனேன். அவர் பெட்டியை மூடிக்கொண்டிருந்தார், என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. நான் கேட்பதற்கு முன்னாலேயே சொல்லிவிட்டார். "தெரியும் மாதேஸ்வரி. படிச்சிருக்கேன். பரீட்சையில எழுதி மார்க்கும் வாங்கியிருக்கேன். லைன் நிக்கிறது டீக்குத்தான், நான் என்ன செய்யட்டும்?" என்றார். அவர் நர்ஸ் என்பதால் மட்டும்தான் அன்றைக்கு நான் கை ஓங்கவில்லை. அவரும் ஓர் ஒப்பந்த வேலைக்காரிதான், அதுவும் தெரியும். அவரை மன்னிக்க அது போதவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஹாஸ்டலில் நாங்களே செய்து பார்த்தோம், யாரோ போனில் வீடியோ பார்த்திருந்தார்கள். பால் சேர்க்காத கடுந்தேநீர் ஒரு டம்ளர், அதில் மாத்திரையை நசுக்கிப் போட்டோம். கலக்கக் கலக்க அது மை மாதிரி கருத்துப்போனது. உண்மையிலேயே அந்தக் காலத்தில் மையே இப்படித்தான் செய்வார்களாம், இரும்பையும் துவர்ப்பையும் கலந்து. காவியா தீக்குச்சியை அதில் தொட்டு ஹரீஷ்குமாருக்கு மீசை வைத்து ஒரு படம் போட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த மூன்று மாதமும் உன் வயிற்றுக்குள் இதுதான் நடந்திருக்கிறது. உனக்கு மலம் கருப்பாகப் போகிறது என்று கூச்சப்பட்டுக்கொண்டு சிஸ்டரிடம் போய்ச் சொன்னாய், ஞாபகம் இருக்கிறதா? எல்லோருக்கும் அப்படித்தான் போகும் என்று அவர் திருப்பி அனுப்பினார். உடம்பில் சேராத இரும்பு அப்படித்தான் வெளியே வரும். துப்பியிருந்தால் எப்படிக் கருக்கும்? உன் சாட்சி அங்கே இருந்தது, அந்தக் கண்ணாடி அறையில் எவனும் அதைக் கேட்கவில்லை.

நான் ஹரீஷ்குமாரிடம் போனேன். சண்டை போடத் தயாராகத்தான் போனேன். அந்த ஆள் என்னைச் சண்டையே போட விடவில்லை. "டீ விஷயம்தான? எங்களுக்கும் வந்துச்சு. ஆப்ல அப்டேட் பண்ணிட்டோம், இனிமே லஞ்ச் டைம்ல தண்ணியோட குடுப்போம்" என்றார், ஏதோ பஸ் நேரம் மாறியதைச் சொல்வதுபோல. "அப்ப ஜாஸ்லின் துப்புலன்னு ஆயிடுச்சே சார், அவள திரும்பக் கூப்புடுங்க" என்றேன். "அவங்களாதான் ரிசைன் பண்ணாங்க. அந்த ஃபைல் க்ளோஸ் ஆயிடுச்சும்மா" என்றார். நான் அங்கேயே நின்றேன். அவர் கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினார். உன் பேருக்கு எதிரே இன்னும் 'சந்தேகம்' என்றுதான் இருக்கிறது. பழையதை மாற்ற அதில் வழியில்லையாம்.

அடுத்த வாரமே மாத்திரை சாப்பாட்டு நேரத்துக்கு மாறியது, கூடவே எலுமிச்சைத் தண்ணீரும் வந்தது. புளிப்பு சேர்ந்தால் இரும்பு நன்றாக உள்ளே இறங்குமாம். எல்லோருக்கும் ஏறியது. காவியாவுக்குப் பதினொன்றைத் தாண்டிவிட்டது. இப்போது நுழைவாயிலில் அவள் படம் போட்டு ஒரு ஆளுயர போர்டு நிற்கிறது, 'எங்கள் தொழில்நுட்பம், எங்கள் பெண்களின் நலம்' என்று. பெங்களூரில் ஒரு ஹோட்டலில் விருதும் வாங்கினார்கள். காவியா உன்னைக் கேட்டதாக எழுதச் சொன்னாள். எழுதிவிட்டேன். நீ பதில் சொல்ல வேண்டியதில்லை.

உன் கல்யாணத்துக்குப் பத்திரிகை வரவில்லை என்று நான் கோபப்படவில்லை. பொய் சொல்லி வேலை போனவள் என்று ஊரில் பேச்சு வந்ததால் அவசரமாக முடித்தார்கள் என்று வெஸ்லின் அண்ணன் சொன்னார். கம்ப்யூட்டர் போட்ட ஒரு வார்த்தை ஓசூரிலிருந்து சாத்தான்குளம் வரைக்கும் நடந்து வந்திருக்கிறது. இதற்கு யாரைப் போய்ப் பிடிப்பது சொல்?

இப்போது உன் வீட்டு விஷயம். கருப்பட்டி மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை, நீ ஊரிலிருந்து கொண்டுவந்ததை நான்தான் பாதி தின்று தீர்த்தேன். கருப்பட்டியிலேயே இரும்பு இருக்கிறது, அதோடு மாத்திரையும் போனால் இரட்டிப்பு பலன் என்று உன் மாமியார் நினைப்பது நியாயம்தான், யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைப்பார்கள். ஆனால் அந்தக் காப்பித்தூள் டீ செய்கிற வேலையைத்தான் செய்கிறது. அவர் பக்கத்தில் நின்று பாசத்தோடு கொடுக்கக் கொடுக்க, அந்தக் காப்பி மாத்திரையை வீணாக்கிக்கொண்டே இருக்கிறது. மாத்திரையைத் தண்ணீரோடு போடு. எலுமிச்சை பிழிந்தால் இன்னும் நல்லது. காப்பியை ஓரிரண்டு மணி நேரம் தள்ளி வை. ஆஸ்பத்திரியில் கால்சியம் மாத்திரையும் கொடுத்திருப்பார்கள், அதை இதோடு சேர்த்துப் போடாதே, வேறு வேளைக்கு வைத்துக்கொள்.

இன்னொன்று. ஏழு மாதம் போய்விட்டது, மாத்திரையை நம்பி மெதுவாக ஏற்ற நாள் பற்றாமல் போகலாம். எட்டோடு பிரசவத்துக்குப் போகக் கூடாது. கொஞ்சம் ரத்தம் போனாலும் தாங்காது என்று சிஸ்டர் சொன்னார். அந்த ஒன்றுக்காகத்தான் அவரோடு மறுபடி பேசினேன். அரசு ஆஸ்பத்திரியில் இரும்பையே நரம்பு வழியாக ஏற்றுவார்களாம். டாக்டர் பார்த்துத்தான் முடிவு செய்வார். ஆனால் நீ போய் நின்றால்தானே அவர் பார்ப்பார். தள்ளிப் போடாமல் இந்த வாரமே போ. வெஸ்லின் அண்ணனை வண்டி கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன்.

இங்கே வேறு என்ன. நாகரசம்பட்டியில் எங்கள் மாந்தோப்பில் இந்த வருஷம் பூ நன்றாகப் பிடித்திருக்கிறது, அம்மா ஊருக்கு வரச்சொல்லி நச்சரிக்கிறாள். லைனில் உன் இடத்துக்கு ஒரு பெண் வந்தாள், போனாள், இப்போது ஒரு இயந்திரக் கை வந்திருக்கிறது. அதற்கு ரத்தம் தேவையில்லை, டீயும் கேட்காது. திம்மப்பன் பழக்கத்தில் அதையும் "பேகா" என்று விரட்டுகிறார்.

வெஸ்லின் அண்ணன் ஒரு விஷயத்தைக் கடைசியாகச் சொன்னார். காலையில் எழுந்திருக்கவே முடியவில்லை, படியேறினால் மூச்சு வாங்குகிறது என்று நீ சொன்னால், அந்த வீட்டில் அதையும் நம்புவதில்லையாம், வேலைக்குச் சோம்பிக்கொண்டு நடிக்கிறாள் என்கிறார்களாம். நீயும் இப்போதெல்லாம் எதுவும் சொல்வதில்லையாம். ஜாஸ்லின், அப்படி வாயை மூடிக்கொள்ளாதே. கம்பெனி முழுக்கப் பொய் சொன்ன நாளில் மெய் சொன்ன வாய் அது.

உன் போன் பீரோவில் இருக்கிறது என்றால், உன் பேருக்கு வரும் தபாலும் உன் கைக்கு நேராக வராது என்று எனக்குத் தெரியும். அதனால் இனி எழுதுவது உனக்கு இல்லை.

அம்மா, வணக்கம். இதைப் பிரித்துப் படிப்பவர் நீங்கள்தான் என்று நினைத்து எழுதுகிறேன். மேலே நான் எழுதியதில் உங்களைப் பற்றி மரியாதை குறைவாக ஏதாவது இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள், வாய் நீளம் எனக்கு. நான் உங்களைப் பார்த்ததில்லை. தினமும் பக்கத்தில் நின்று மருமகளுக்கு மாத்திரை கொடுக்கிற மாமியார் கெட்டவராக இருக்க முடியாது என்று நம்புகிறேன். உங்கள் பிள்ளை கப்பலிலிருந்து இறங்கி வரும்போது வீட்டில் அவளும் குழந்தையுமாக இரண்டு பேர் இருக்க வேண்டும். நீங்கள் கும்பிடுகிற கர்த்தரையும் எங்கள் மாதேஸ்வரனையும் அதற்காகத்தான் கேட்டுக்கொள்கிறேன். உங்கள் காலைத் தொட்டுக் கேட்கிறேன், அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். முடியவில்லை என்று அவள் சொன்னால் முடியவில்லை அம்மா. விழுங்கினேன் என்று சொன்னால் அவள் விழுங்கியிருக்கிறாள்.

இப்படிக்கு,
உங்கள் மருமகளை அறிந்தவள்,
மாதேஸ்வரி.